ரூனாரின் படகு விளக்கு

எங்கள் தீவில் ஒருவன் படகில் ஸ்பாட் லைட் மாட்டியிருந்தால், அவன் கோடைக்கு வந்துபோகிற பட்டணத்து ஆள் என்று அர்த்தம். இங்கே பிறந்தவனுக்குப் பாறை எங்கே, திருப்பம் எங்கே என்று உடம்பே சொல்லும் என்பார்கள். இந்த வீறாப்பை எல்லோரையும்விட அதிகமாகப் பேசியவன் ரூனார். முப்பது வருஷம் துறைமுகப் படகு ஓட்டியவன். கப்பலுக்கு வழிகாட்டும் அதிகாரிகளைக் கும்மிருட்டில் கொண்டுபோய் ஏற்றிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டு திரும்பி வருவான். என் பட்டறையில் எவனாவது விளக்கு விலை கேட்டால் போதும், "கட்டிலுக்குப் போறதுக்கும் இதேதானா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிடுவான்.

அப்படிப்பட்டவன் ஓர் அக்டோபர் மாதத்தில் என் முன்னால் வந்து நின்று, இருப்பதிலேயே பெரிய விளக்கை எடு என்றான். நான் எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தேன். அப்படியே படுத்த வாக்கில் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

நான் மைலிஸ். தீவின் முனையில் படகு எஞ்சினும் கரண்டு வேலையும் பார்க்கிறவள். நானும் ரூனாரும் அவன் மனைவி டீசாவும் ஒரே பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். டீசாவுக்கு மறதி நோய் முற்றி, அந்த வசந்தத்தில் பெரிய தீவின் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அங்கே போன நாளிலிருந்து யார் ஊட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. நர்சின் கையைத் தட்டிவிட்டாள், கஞ்சியைத் துப்பினாள். ரூனார் கரண்டியை எடுத்தால் மட்டும் குழந்தை மாதிரி ஆ காட்டினாள். பார்வையாளர் நேரம் மாலை நாலிலிருந்து ஆறு. அதற்குள்தான் இரவுச் சாப்பாடும் போடுவார்கள். அதனால் ரூனார் தினமும் படகில் குறுக்கே போய் ஊட்டிவிட்டு வருவான். மத்தியானத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், ஏதோ ரெண்டு கரண்டி தயிர் உள்ளே போகிறதாம் என்பான். அவன் போகாவிட்டால் டீசா பட்டினி, அவ்வளவுதான் விஷயம்.

கோடையில் பிரச்சினை இல்லை. அக்டோபர் கடைசியில் அவன் கிளம்பும்போதே வெளிச்சம் சாக ஆரம்பித்துவிடும். திரும்பும்போது மை இருட்டு. ஆனால் இருட்டு அவனுக்கு என்றைக்குப் பிரச்சினையாக இருந்தது? வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். தண்ணீரில் மரக்கட்டைகள் மிதக்கிறதாம், அதற்காகவாம். பொய் சொல்லத் தெரியாத ஆள், காது மடல் வரைக்கும் சிவந்துபோனான்.

பெரிய விளக்கு என்றால் நல்ல விளக்கு இல்லையடா என்று சொல்லிப் பார்த்தேன். வெளிச்சம் அகலமாகப் பரவினால் பக்கத்துத் தண்ணீர்தான் பளபளக்கும், தூரம் தெரியாது. உனக்கு வேண்டியது கம்பி மாதிரி நேராகப் போய் எதிரே வழி காட்டுகிற மிதவைக் கம்பத்தில் விழுகிற விளக்கு. கம்பத்தில் ஒட்டியிருக்கிற பட்டை மின்னியதும் அணைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் அவனுக்குச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அவன் கேட்கவுமில்லை. அலமாரியில் இருந்த சட்டி அளவு விளக்கைத் தூக்கிக்கொண்டு, மாட்டுவதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டான்.

மறுநாள் படகின் வயிறு பாறையில் உரசியிருந்தது. நல்லவேளை, ஓட்டை விழவில்லை. போய்ப் பார்த்தால், நம்ம துரை விளக்கைக் கேபின் கூரையில் மாட்டியிருக்கிறார். படகின் முன்தளமோ வெள்ளை வெளேர். போட்ட வெளிச்சமெல்லாம் அந்த வெள்ளையிலும் அதைச் சுற்றியிருக்கிற முன்கம்பியிலும் பட்டுத் திரும்பி வந்து அவன் கண்ணிலேயே குத்தியிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன். பட்டணத்து ஆள்கூட ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டு மாட்டுவான். இவன் இருட்டிலேயே வாழ்ந்த பெருமையில், விளக்கைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே கிழவனாகியிருந்தான்.

நான் அவனைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்தேன். சட்டி விளக்கைக் கழற்றி எறிந்தேன். ஒடுக்கமான ஒளி போடுகிற சின்ன விளக்கு ஒன்றைப் படகின் மூக்கில், முன்கம்பிக்கும் முன்னால், குட்டைக் கம்பம் நட்டு மாட்டினேன். படகின் எந்தப் பாகத்திலும் வெளிச்சம் படக்கூடாது, அதுதான் கணக்கு. அப்படியும் நம்பிக்கையில்லாமல் முன்தளம் முழுக்கப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். பேட்டரியிலிருந்து தடித்த ஒயரைத் தனியாக இழுத்து, தனி ஃப்யூஸ் போட்டு, பொத்தானைச் சுக்கானுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மெல்லிய ஒயர் போட்டால் பாதிக் கரண்டு வழியிலேயே தீர்ந்து, விளக்கு அழுதுவடியும். கடலில் அழுவதற்கு நாமே போதும்.

சோதித்துப் பார்க்க இருட்டியதும் ரெண்டு பேரும் கிளம்பினோம். அழகாக வேலை செய்தது. தூரத்துக் கம்பத்தின் பட்டை மின்னியது, ரூனார் அதைப் பார்த்து நேராகப் பிடித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது இடப்பக்கம், கூப்பிடு தூரத்தில், வலை எடுத்துக்கொண்டிருந்த ஒருவனின் படகு. லாந்தர் எரிகிறது, ஆள் எழுந்து கையை ஆட்டுகிறான். ரூனார் அடுத்த கம்பத்தைத் தேடி அவன் பக்கமாகவே படகைத் திருப்பினான். விளையாடுகிறானோ என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி சுக்கானைப் பிடுங்கி ஒடித்துத் திருப்பினேன். வலைக்காரன் எங்கள் குடும்பத்தையே திட்டினான்.

"என்ன ஆச்சு?" என்றான் ரூனார். அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டேன். ஓபூ நகரத்துக் கண் டாக்டரிடம் கோடையிலேயே போயிருக்கிறான். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறதாம். குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம்தான் தெரியும், இருட்டில் அதுவும் இல்லை, இது திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். இருட்டில் கார் ஓட்டாதே என்றிருக்கிறார் டாக்டர். படகைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை.

"யார்கிட்டயும் சொல்லிடாத மைலிஸ். படகைப் புடுங்கிட்டா அவ செத்துடுவாடி" என்றான்.

அவன் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. சின்ன வயதில் அவன் கையை நான் முறுக்கி மண்டிபோட வைத்தபோதுகூடக் கெஞ்சவில்லை. நான் என்ன செய்வேன்? கூட வந்து ஓட்டட்டுமா என்றேன். உன் பட்டறையை யார் பார்ப்பது, ஒருநாள் ரெண்டு நாளா, அவள் இருக்கிறவரைக்கும் போக வேண்டுமே என்று மறுத்துவிட்டான். உன் மகளுக்கு எழுது என்றேன். அவள் ஸ்வீடனில் ரெண்டு கைக்குழந்தையோடு இருக்கிறாள், அவளுக்கும் சொல்லாதே என்றான். மறுநாள் முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே, விளக்கைப் படகின் மூக்கு காட்டுகிற திசையிலேயே அசையாமல் இறுக்கினேன். வெளிச்சம் விழுகிற இடத்தை மட்டும் பார், வேறு எங்கும் பார்க்காதே, தலையைத் திருப்பாதே என்றேன். அவனுடைய ஒடுக்கமான பார்வையும் விளக்கின் ஒடுக்கமான ஒளியும் ஒரே கோட்டில் நின்றன. சுற்றியிருக்கிற கடலெல்லாம் அவனுக்கு இல்லை.

நவம்பர் அப்படியே போனது. தினமும் நாலு மணிக்கு முன்னால் அந்த விளக்கு என் பட்டறை முனையைத் தாண்டும். திரும்பி வருகிற வரைக்கும் எனக்குச் சோறு தண்ணி இறங்காது. போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நிற்பேன். எரிச்சலாக வரும். இந்தக் கிழவனுக்கு நான் என்ன பெண்டாட்டியா என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் பனி கொட்ட ஆரம்பித்தது. அன்றைக்கு மத்தியானமே வானொலியில் எச்சரித்தார்கள். இன்றைக்குப் போகாதே என்று சொல்ல அவன் துறைக்கு ஓடினேன். படகு கிளம்பிவிட்டிருந்தது. பனியில் விளக்கு போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் நிற்கும். அணைத்தால் நமக்காவது ஏதோ தெரியும், அவனுக்கு ஒன்றுமே தெரியாது. முனைக்குத் திரும்பி வந்து பார்த்தேன். கடலின் நடுவில் மங்கலாக ஒரு வெளிச்சம். அது நகரவில்லை.

அவனிடம் ரேடியோ உண்டு. ஆனால் அதில் ஒரு வார்த்தை பேசினால் எல்லாத் தீவுகளிலும் ஒவ்வொரு அடுப்படியிலும் கேட்கும், கடலோரக் காவல்காரர்கள் வந்து கண்ணைச் சோதிப்பார்கள். செத்தாலும் கூப்பிட மாட்டான் கழுதை. நான் என் வேலைப் படகை எடுத்தேன். விளக்கில்லாமல், திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்து முகத்தை வெளியே நீட்டி ஓட்டினேன். பனி ஊசியாகக் குத்தியது. திட்டிக்கொண்டே போனேன். பயத்தில் எனக்கு வேறு எதுவும் வராது.

கப்பல் போகிற வழியின் நட்ட நடுவில் நங்கூரம் போட்டு நின்றிருந்தான். கப்பல்காரன் கண்ணிலாவது படட்டும் என்று விளக்கை எரியவிட்டிருக்கிறான். சுக்கானைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது, நான்தான் விரல்களைப் பிரித்தெடுத்தேன்.

"வீட்டுக்கு வாடா" என்றேன்.

"மணி அஞ்சாகப் போவுது. அவ வாயே தெறக்க மாட்டா. திரும்பறதா இருந்தா நீ மட்டும் திரும்பு."

அறையலாம் போல இருந்தது. என் படகைப் பின்னால் கட்டிவிட்டு அவன் படகைப் பெரிய தீவுக்குத் திருப்பினேன். வழி முழுக்க அவன் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தான், இன்னும் எவ்வளவு தூரம் என்று.

வார்டுக்குள் நுழையும்போது ஆறு தாண்டிவிட்டது. வாசல் காவல்காரர் எங்கள் கோலத்தைப் பார்த்து வழிவிட்டார். டீசா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள், கன்னமெல்லாம் நிறம் வைத்து, கழுத்தில் துணி கட்டிக்கொண்டு. முன்னால் கிண்ணம் காலியாக இருந்தது. மெர்வி என்ற சின்ன நர்ஸ் அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பனியில வரமாட்டீங்கன்னு நெனச்சோம். கவலைப்படாதீங்க, முழுசா சாப்ட்டாங்க."

ரூனார் கிண்ணத்தைப் பார்த்தான். யார் ஊட்டியது என்று கேட்டான். நான்தான் என்றாள் அவள், மத்தியானமும் தான்தான் ஊட்டுவதாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள்ளேயே தவறு செய்துவிட்டது அவளுக்குப் புரிந்துவிட்டது. துணியைக் கையில் சுருட்டினாள்.

"எப்பலேருந்து?" என்றான் ரூனார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? மென்று விழுங்கிச் சொன்னாள். செப்டம்பரிலிருந்தே டீசா யார் கொடுத்தாலும் சாப்பிடுகிறாளாம். இரவுத் தட்டை மட்டும் ஊட்டாமல் இவர் வருகிற நேரத்துக்கு எடுத்து வைத்திருப்பார்களாம். அந்த மனுஷனுக்கு இருப்பது இது ஒன்றுதான், சொல்லாதே என்று பெரிய நர்ஸ் சொல்லியிருந்தாராம்.

எனக்கு வந்த கோபத்தில் வார்டே கேட்கும்படி கத்தினேன். கண் தெரியாத ஒருத்தன் ஒரு மாசத்துக்கு மேலாக உயிரைப் பணயம் வைத்து வருகிறான், உங்களுக்கு அது நல்ல மனசா என்று கேட்டேன். சொல்லக்கூடாது என்று நான் காப்பாற்றி வைத்திருந்ததெல்லாம் அதோடு வெளியே வந்துவிட்டது. மெர்வி அழுதாள். ரூனார் என் தோளைப் பிடித்து அழுத்தினான், போதும் என்று.

பானையில் மசித்த உருளைக்கிழங்கு கொஞ்சம் மீதி இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, டீசாவுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு கரண்டி எடுத்து நீட்டினான். அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. அவன் கரண்டியைத் தட்டில் வைத்தான். நான் அவன் பக்கத்தில் போய், இனிமேல் இருட்டில் வர வேண்டாம், அவள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொன்னேன்.

அவன் தொப்பியிலிருந்து பனி உருகி மேஜையில் சொட்டியது.

"அவளுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய்னு இங்கதான் நான் சாப்பிடறேன் மைலிஸ். வீட்ல தனியா எனக்கு எறங்கவே மாட்டேங்குது."

நாளையிலிருந்து மூணு மணிக்கு என் துறைக்கு வா, நான் ஓட்டுகிறேன், மறுபேச்சு பேசினால் பல்லைத் தட்டிவிடுவேன் என்றேன். பட்டறை நாசமாகப் போகட்டும் என்றேன். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

டீசா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அறியாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு, தட்டை மெல்ல அவன் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுங்க ஐயா. ஆறிடப் போவுது" என்றாள்.

ரூனார் கரண்டியை எடுத்துச் சாப்பிட்டான்.