கண்மாய்க்கரையில் விதைத்த விறகு

நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கைதட்டிப் பாடுகிற பாட்டுகளை இன்றைக்கும் என்னால் சகித்துக்கொள்ள முடியாது. அதற்குக் காரணம் இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வயதில் சின்னவள், கல்யாணமாகாதவள் என்ற இரண்டு தகுதிகளைப் பார்த்து, அரையாண்டு விடுமுறையில் நடந்த சாரண மாணவியர் முகாமுக்குத் துணை ஆசிரியையாக என்னை அனுப்பிவிட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. பிற்பாடு வந்தது, நிறையவே வந்தது.

முகாமுக்குத் தலைவி எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியை. அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும். பழக்கதோஷத்தில் டீச்சர் என்று கூப்பிட்டால் காது கேளாதவர் மாதிரி நிற்பார். நீலப்புடவை, கழுத்தில் துண்டு, துண்டுக்கு மேல் விசில். சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்ததிலிருந்து அந்த அம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கையில் எப்போதும் ஒரு விதிப்புத்தகம் இருக்கும். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது இதை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். யாரோ அதை அப்படியே தமிழில் பெயர்த்து அச்சுப் போட்டிருந்தார்கள்.

அந்தப் புத்தகத்தில் ‘பாசறைத் தீ’ என்று ஒரு அத்தியாயம். கடைசி நாள் சாயங்காலம் முகாமின் நடுவில் தீ மூட்டி, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பாட வேண்டும். அதற்கான விறகை விலைக்கு வாங்கக் கூடாது. மாணவிகளே பொறுக்க வேண்டும். பச்சை மரத்தில் கை வைக்கக் கூடாது. உதிர்ந்து கிடப்பதை மட்டும்தான் எடுக்கலாம். ஒரே தீக்குச்சியில் பற்ற வைக்க வேண்டும்.

எழுதின மகராசன் எந்தக் காட்டில் உட்கார்ந்து எழுதினானோ. அந்த ஊரில் மரங்களுக்குச் சுள்ளி உதிர்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை போலிருக்கிறது. பொறுக்கிக்கொண்டு போய் உலை வைக்க அங்கே ஒரு பொம்பளைகூட இல்லை போலிருக்கிறது. எங்கள் முகாம் சாத்தூருக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவில், ஒரு கண்மாய்க்கரையில். கரிசல் காடு, நாலு பனை, உடை என்கிற முள்மரம் கொஞ்சம். அங்கே ஒரு காய்ந்த முள் விழுந்தால் விடிவதற்குள் அது யார் வீட்டு அடுப்பிலோ எரிந்து முடிந்திருக்கும். போதாததற்கு முந்தின வாரம்தான் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மிச்சம் மீதி இருந்த முள்ளும் ஊறிப்போய்க் கிடந்தது.

ஒற்றைத் தீக்குச்சிப் பாடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாணவிகளில் பாதிப்பேர் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போனதும் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள். அவர்களுடைய அம்மாமார் கம்பெனியில் குச்சி அடுக்கியே விரல் தேய்ந்தவர்கள். அந்தப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, “இதுதான் தீக்குச்சி. இதன் தலைப்பகுதியை இப்படிப் பிடிக்கக் கூடாது” என்று அரைமணி நேரம் வகுப்பு எடுத்தார் கேப்டன். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், சிரிக்கவில்லை. நான்தான் கூடாரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் தீ மூட்டியாக வேண்டும். மாவட்டத்தில் பெரிய பொறுப்பில் இருந்த ஒரு அம்மையார் அதைப் பார்க்க மதுரையிலிருந்து காரில் வருவதாக ஏற்பாடு. பிள்ளைகளைப் பொறுக்க அனுப்பினால் மதியம் வரை அலைந்து ஆளுக்கு ஒரு ஈர முள்ளோடும், காலில் இரண்டு முள்ளோடும் வந்து சேர்ந்தார்கள். கேப்டன் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் விசிலைக் கடித்துக்கொண்டு யோசித்தார். அப்புறம் யாருக்கும் தெரியாமல் சாத்தூர் விறகுக்கடைக்கு ஆள் அனுப்பினார்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஒரு வண்டி விறகு வந்து இறங்கியது. கோடாலியால் பிளந்த, நன்றாகக் காய்ந்த கருவேலங்கட்டை. அதோடு முடிந்திருந்தால் சும்மா ஒரு பொய் என்று விட்டிருப்பேன். கேப்டன் வண்டிக்காரரையும் என்னையும் கூட்டிக்கொண்டு போய் அத்தனை விறகையும் கண்மாய்க்கரை நெடுக விதைக்கச் சொன்னார். இங்கே இரண்டு, அங்கே மூன்று, இயற்கையாக விழுந்த மாதிரி இருக்க வேண்டுமாம். மறுநாள் அம்மையார் முன்னிலையில் பிள்ளைகள் அதைப் பொறுக்குவார்களாம்.

வண்டிக்காரர் ஒரு கட்டையைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “ஏன் டீச்சரம்மா, இதுக்குத் தண்ணி கிண்ணி பாச்சணுமா?”

நான் அடுத்த கட்டையைக் கரையில் போட்டேன்.

காலையில் எழுந்து பார்த்தால் கரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு சிராய்கூட இல்லை. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. கேப்டனுக்குத்தான் உலகம் இடிந்து விழுந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு ஊருக்குள் போனார். கடைசி வீட்டு வாசலில் எங்கள் விறகு முழுக்க அடுக்கி, மேலே சாக்கு போட்டு மூடியிருந்தது. அந்த வீட்டு அம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் எழுந்து வெளியே வந்தாள். நாற்பது வயதிருக்கும். உள்ளே பச்சைப்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

“இது எங்க விறகு” என்றார் கேப்டன்.

“கரையில கெடந்துச்சு, பொறுக்கியாந்தேன். ஒங்க வெறகுன்னா எதுக்கு தாயி கரை பூராம் வீசி எறிஞ்சிருந்தீக?”

“அதெல்லாம் உனக்குச் சொன்னாப் புரியாது.”

“எம் மக பிள்ளை பெத்து நாலஞ்சு நாளாகுது. மேலுக்கு ஊத்த வெந்நி வைக்கணும். மழையில எம்புட்டு முள்ள வச்சாலும் பொகையுதே ஒளிய எரிய மாட்டேங்குது. பாதியாச்சும் வச்சிட்டுப் போங்க தாயி.”

என் அம்மா நர்ஸாக இருந்தவர். பிள்ளை பெற்ற உடம்புக்கு வெந்நீர் ஊற்றுவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். கேப்டனுக்கும் தெரியாமலில்லை, அவரும் இரண்டு பெற்றவர்தான். ஆனால் கழுத்தில் விசிலைக் கட்டிக்கொண்டதும் அவருக்கு அது எல்லாமே மறந்துவிட்டது. “கிராம முன்சீப்பைக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டார். அந்த அம்மாள் சாக்கை உருவிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பிள்ளைகள் வந்து ஒரு கட்டை விடாமல் சுமந்துகொண்டு போனார்கள்.

சுமந்துகொண்டு போய் என்ன செய்தோம்? மறுபடியும் கரையில் விதைத்தோம். பட்டப்பகலில், ஊரே வேடிக்கை பார்க்க. இந்தத் தடவை நாலு மாணவிகளைக் காவலுக்கும் போட்டார் கேப்டன்.

சாயங்காலம் அம்மையார் வந்தார். கண்ணாடி, கைப்பை, கூடவே ஒரு சேவகர். விசில் ஊதியதும் பிள்ளைகள் ஓடிப்போய்த் தாங்கள் போட்ட விறகைத் தாங்களே கண்டுபிடித்து, “இதோ இங்கே! இதோ இங்கே!” என்று கூவினார்கள். ஒவ்வொரு கட்டையிலும் கோடாலி வெட்டு பளிச்சென்று தெரிந்தது. அம்மையார் ஒரு கட்டையைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டிக்கொள்ளட்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

“வறண்ட பகுதின்னு சொன்னாங்க. இயற்கை எவ்வளவு வாரிக் கொடுக்குது பாருங்க!” என்றார் அம்மையார்.

இப்படிப்பட்டவர்களிடம் மாவட்டத்தைக் கொடுத்திருந்தார்கள்.

தீ மூட்டினார்கள். ஒரே குச்சியில் பிடித்துக்கொண்டது. காய்ந்த கருவேலம், பிடிக்காமல் என்ன செய்யும். பாட்டு ஆரம்பித்தது. அப்போது கூடாரத்துப் பக்கம் காலையில் பார்த்த அம்மாள் வந்து நின்றாள். இடுப்பில் கரிபிடித்த அலுமினியப் பானை, நிறையத் தண்ணீர். கேப்டன் எழுந்து போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“வெறகு வேண்டாம் தாயி. நீங்க பாடுங்க. ஓரத்துல இந்தப் பானைய மட்டும் வச்சிக்கிடுதேன். சுட்டதும் எடுத்துட்டுப் போயிருதேன்.”

கேப்டன் சொன்ன பதிலை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். “பாசறைத் தீயில் எதுவும் சமைக்கக் கூடாது. அது விதி” என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் போய், பாட்டில் விட்ட இடத்திலிருந்து கைதட்ட ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. வெறும் கோபம் என்று தெளிவாகவே சொல்கிறேன், தர்மம் நியாயம் எதுவும் அப்போது என் நினைப்பில் இல்லை. அந்த அம்மாள் இடுப்பிலிருந்த பானையை வாங்கினேன். வட்டத்துக்குள் நுழைந்து, பாடுகிற பிள்ளைகளைத் தாண்டி, எரிகிற கட்டைகளைக் கம்பால் ஒதுக்கி, கூடாரக் கயிற்றுக்கு வைத்திருந்த கற்களில் மூன்றைக் கூட்டிப் பானையை நட்டநடுவில் வைத்தேன். பாட்டு அறுந்தது. கேப்டன் என் காதருகே வந்து சீறினார்.

“டீச்சர், இது என்ன?”

“வெந்நீர்.”

அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் கைதட்டல் கேட்டது. அம்மையார் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். “பிரமாதம்! கிராமிய நிகழ்ச்சியா? இதுக்கு என்ன பாட்டு?” என்றார். கேப்டன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பிள்ளைகளில் ஒருத்தி கெட்டிக்காரி, தாலாட்டு ஒன்றைத் தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தண்ணீர் கொதிக்கும் வரை பாடினார்கள். முகாமில் பாடிய பாட்டுகளில் அது ஒன்றுதான் என் காதுக்குப் பாட்டாகக் கேட்டது.

நானும் அந்த அம்மாளும் பானையில் சாக்கைச் சுற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அந்த வீடுவரை கொண்டுபோனோம். “ஒங்களுக்கு ஏச்சு விளுமே டீச்சரம்மா” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். விழுந்தது. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். உள்ளே பிள்ளை பெற்ற மகள் மேல் வெந்நீர் விழுகிற சத்தத்தை மட்டும் வாசலில் நின்று கேட்டேன்.

அடுத்த வருடம் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு புதிய விதி வந்தது. பாசறைத் தீயில் பானை வைத்து வெந்நீர் காய்ச்சும் கிராமிய நிகழ்ச்சி இனிக் கட்டாயம்; அம்மையாரின் உத்தரவு. அந்த முறை முகாம் சூலக்கரைப் பக்கம் நடந்தது. கேப்டன் புதுப்பானை வாங்கிக் கோலம் போட்டு, பிள்ளைகளை மூன்று முறை வலம்வரச் சொல்லி, தாலாட்டுப் பாட வைத்து, தளதளவென்று கொதிக்க விட்டார். கொதித்த தண்ணீரை என்ன செய்வது என்று விதியில் எழுதியிருக்கவில்லை. அதைத் தூக்கி அந்த நெருப்பிலேயே ஊற்றி அணைக்கச் சொன்னார்.