அத்தை முகத்து மஞ்சள்

என் வீட்டுக்காரரோடு புடவை எடுக்கப் போவதைவிடத் தனியாகப் போய் ஏமாந்து வரலாம். எங்கள் கல்யாணப் புடவையைக் கடை விளக்கில் பார்க்க மாட்டேன் என்று பஜார் தெருவுக்கே எடுத்து வந்து, வெயிலில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் அவர். கடைக்காரர் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடி வந்தார். நிறம் என்று எதைக் காட்டினாலும் வீரமணிக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

அந்தச் சந்தேகம்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. சினிமாவுக்கு எடுத்த காட்சிகளைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, இல்லாததை இருப்பது போலக் காட்டும் வேலை அவருக்கு. செஞ்சியில் ஒரு கல்யாண வீடியோ கடையில் மிக்சிங் பழகி, அங்கிருந்து சென்னை ஸ்டுடியோ ஒன்றில் சேர்ந்தவர். மாமனார் இறந்த பிறகு என் அத்தை மீனம்பாள், அதாவது அவருடைய அம்மா, பட்டணத்துக்கு வரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். சரி என்று இவர் வேலையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். என்னைக் கட்டிக்கொண்டது அதற்குப் பிறகு. மாடி அறையில் மானிட்டர், ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை.

போன வருஷம் கோட்டையில் ஒரு படத்துக்கு ஷூட்டிங் நடந்தது. பழைய காலத்துச் சந்தை, அதில் கூட்டமாக நிற்க ஊர்ப் பெண்கள் வேண்டும் என்றார்கள். அத்தையும் போனார். தலையில் வெள்ளைத் துணிச் சும்மாடு, அதன்மேல் கூடை. நின்றுவிட்டு வந்த நாளிலிருந்து ரேஷன் கடை வரிசையில்கூட இதே பேச்சுதான். "எங்க வீரா வேல பாக்குற சினிமாவுல நானும் வரேன்" என்று சொல்லும்போது அத்தைக்கு வயது குறைந்துவிடும்.

அந்தப் படத்தின் வேலை உண்மையிலேயே இவருடைய ஸ்டுடியோவுக்குத்தான் வந்தது. சந்தைக் காட்சியை இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். நின்றிருந்த சின்னக் கூட்டத்தைப் பெருங்கூட்டமாக்க வேண்டும். அதில்தான் சனி பிடித்தது.

இரண்டு கேமராவில் எடுத்திருந்தார்கள். முதல் கேமரா தூரத்தில் இருந்தது, அதில் முகங்கள் புள்ளியாகத்தான் தெரியும், நிறமெல்லாம் ஒழுங்கு. இரண்டாவதில் மலை செங்கல் சூளை மாதிரி சிவந்து கிடந்தது, முகங்களும் அதே மாதிரி. அத்தை நின்றது அந்த இரண்டாவது கேமரா எடுத்த படத்தின் ஓரத்தில். சென்னையிலிருந்து சூப்பர்வைசர் சுதர்சன் போனில் சொன்னது எனக்கும் கேட்டது. "திங்கக்கிழமைக்குள்ள மேட்ச் ஆகலன்னா விட்டுடுங்க வீரமணி. அந்த ஓரத்துல புகையப் போட்டு மூடிடலாம்."

போனை வைத்ததும் இவர் என்னைத்தான் பார்த்தார். "அம்மாகிட்ட சொல்லாத கவிதா."

எனக்கு அவர் விளக்கிய அளவில் சொல்கிறேன். கேமரா, நிறத்தை நாம் பார்ப்பதுபோல அப்படியே வைத்துக்கொள்வதில்லை. பிறகு வேலை செய்ய வசதியாக, வெளிறிய படமாக அடக்கி வைக்கும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு முறையில் அடக்கும். எந்த முறையில் அடக்கியதோ அதே முறையில்தான் விரிக்க வேண்டும். இதற்குத்தான் கலர் ஸ்பேஸ் மாற்றுவது என்று பெயர். இரண்டாவது கேமரா வேறு கம்பெனி. ஆனால் அனுப்பியவர்கள் அதற்கும் முதல் கேமராவின் பெயரையே போட்டிருந்தார்கள். ஒரு பூட்டுக்கு இன்னொரு பூட்டின் சாவி.

அதை இவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். சரியான முறையில் விரித்ததும் மலை மலையானது, புடவைகள் புடவைகளாயின. முகங்கள் மட்டும் மஞ்சளாக நின்றன.

வழக்கமாக நிறக் கட்டங்கள் போட்ட அட்டை ஒன்றைக் கேமரா முன் காட்டி எடுத்துவைப்பார்களாம், பிறகு சரிபார்க்க. இரண்டாவது கேமராக்காரர் மறந்துவிட்டார். அட்டை இல்லை என்றானதும் இவர் அத்தையின் முகத்தையே அட்டையாக வைத்துக்கொண்டார். "மத்தவங்க மூஞ்சி எனக்குத் தெரியாது. எங்கம்மா மூஞ்சி தெரியாதா?" என்றார். நானும் தலையாட்டினேன். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் மஞ்சளைப் பார்த்ததில்லை. மாமனாருக்குக் கருமாதி செய்த அன்றோடு பூவும் மஞ்சளும் முடிந்துபோயின. அதனால் அங்கே மஞ்சள் தெரிந்தால் அது மிஷினின் தவறு என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பட்டது.

படம் முழுக்க மஞ்சளைக் குறைத்தார். அத்தை முகம் வழக்கமான முகமானது. ஆனால் ராஜகிரி நீலம் பூத்துவிட்டது. மலையைச் சரி செய்தால் முகம் மஞ்சள், முகத்தைச் சரி செய்தால் மலை நீலம். ஜன்னலைத் திறந்து மலையைப் பார்ப்பார், மூடிவிட்டு மானிட்டரைப் பார்ப்பார். சோறு இறங்கவில்லை. பெற்ற தாயைப் புகை போட்டு மூடுவதா என்ற பயம் அவருக்கு. அவரைப் பார்த்து எனக்கும் டென்ஷன்.

சனிக்கிழமை மத்தியானம் அத்தை டீ கொண்டு வந்தார். மானிட்டரைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"இது யார்ரா, சும்மாட்டுத் துணிக்கு இவ்ளோ நீலம் போட்டு அலசினது?"

உண்மைதான். சொட்டு நீலம் கொட்டிப்போன வேட்டி மாதிரி இருந்தது துணி. இவர் சலித்துக்கொண்டார். "உன் மூஞ்சில மஞ்சள் அடிக்குதும்மா. அத எடுத்தா இது நீலமாவுது. கேமராவுல இன்னா கோளாறுன்னே தெரியல."

அத்தை டீயை மேசைமேல் வைத்தார். முந்தானையை எடுத்துக் கையில் சுற்றினார், அவிழ்த்தார்.

"கோளாறு இல்லடா. பூசியிருந்தேன்."

இவர் நாற்காலியைத் திருப்பினார்.

"துணிமணி குடுத்துச்சே ஒரு பொண்ணு, அது எல்லாருக்கும் மஞ்சள் பூசிவிட்டுச்சு. என் மூஞ்சிலயும் வச்சுது. அதுக்கு என்ன தெரியும், வெளியூருப் பொண்ணு. வேணாம்னு சொல்லணும்னுதான் நெனச்சேன். வாய் வரல." முந்தானையை மறுபடி கையில் சுற்றினார். "அந்த வாசன வந்துச்சுடா வீரா. அப்புறம் நானே நல்லா தேய்ச்சுக்கினேன். வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நல்லா கழுவிட்டுத்தான் வந்தேன். நீ பாத்தா எதனா நெனச்சுப்பன்னு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் சினிமா சினிமா என்று சொல்லித் திரிந்தவர், அந்த நாளின் பெரிய சந்தோஷத்தை மட்டும் எங்களிடம் மறைத்து வைத்திருந்தார்.

"எடுத்துடுப்பா," என்றார் அத்தை. "நாலு பேரு பாப்பாங்க. உங்க நைனா இல்லாம இதெல்லாம் இன்னாத்துக்குன்னு கேப்பாங்க."

இவர் மானிட்டர் பக்கம் திரும்பி, செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கினார். மலை பழையபடி ஆனது. சும்மாடு வெள்ளையானது. ஓரத்தில் கூடையோடு அத்தை பளிச்சென்று மஞ்சளாக நின்றார், சிரித்துக்கொண்டு. நாங்கள் அவ்வளவு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த படத்தில் அவர் சிரிப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"மலை சரியா இருக்குது, துணி சரியா இருக்குது. அப்ப உன் மூஞ்சியும் சரியாத்தான் இருக்குது," என்றார் இவர். "சரியா இருக்குற கலர நான் மாத்த மாட்டேம்மா."

"இவன் ஒருத்தன்," என்று அத்தை முணுமுணுத்தார். போகவில்லை. டீ ஆறும்வரை மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயந்திரமே இவர் சுதர்சனுக்குப் போன் போட்டார். "கலர் கரெக்ட் சார். அது மஞ்சள் பூசின மூஞ்சி."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் சார். எங்கம்மா சொன்னாங்க."

சுதர்சன் உடை ஆட்களிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். புகை வேண்டாம், அப்படியே விடலாம் என்றார். இவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, இரண்டு நாள் சோற்றையும் ஒரே வேளையில் சாப்பிட்டார்.

படம் இன்னும் வரவில்லை. வந்தால் தெருவே போய்ப் பார்க்கும், பார்த்துவிட்டு யாராவது ஏதாவது சொல்லவும் செய்வார்கள். சொல்லட்டும், பதில் பேச நான் இருக்கிறேன். இப்போது எங்கள் வீட்டில் ஒரு விஷயம் மட்டும் மாறியிருக்கிறது. குளியலறையில் வெள்ளிக்கிழமைக்காக நான் வைத்திருக்கும் மஞ்சள் கிழங்கு சீக்கிரமே தேய்ந்துபோகிறது. நான் ஒன்றும் கேட்பதில்லை. பஜாருக்குப் போனால் இரண்டாக வாங்கி வந்து வைத்துவிடுகிறேன்.