ரூடி காட்டும் நான்கு விரல்கள்

எதிரே சைக்கிள் வருவது தெரிந்ததும் ரூடி மட்டிலா இடது கையைத் தூக்கி நான்கு விரல்களை விரிப்பார். தனக்குப் பின்னால் இன்னும் நான்கு வண்டிகள் வருகின்றன என்று அர்த்தம். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த எங்கள் காட்டுப் பாதையில் நாலு சக்கர மோட்டார் வண்டியில் சவாரி போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் எண்ணிக்கை சொல்வார்கள். கடைசி ஆள் முஷ்டியை மூடிக் காட்டுவார். அதுவரை சைக்கிள்காரன் ஓரமாக நிற்க வேண்டும்.

நானும் நின்றேன். ஒரு கால் சரளையில், மறு கால் சதுப்புச் சேற்றில், மீதி உடம்பு கொசுக்களுக்கு. நான்கு வண்டிகளும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ரூடிக்குப் பின்னால் அவர் கிளப்பிய புழுதியைத் தவிர எதுவும் வருவதில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

ரூடி எங்கள் ஊர்ப் பாதை கிளப்பின் தலைவர். ஜாக்கெட்டின் முதுகில் 'தலைவர்' என்று பெரிய எழுத்தில் தைத்திருக்கிறது. சமையலறையில்கூட அதைக் கழற்றுவதில்லை. உறுப்பினர்களில் ஒருவர் குளிருக்குப் பயந்து ஃபுளோரிடா போனார், ஒருவருக்கு முதுகு போயிற்று. மற்றவர்கள் ரூடியின் பேச்சைக் கேட்பதைவிட மீன் பிடிப்பதே மேல் என்று ஏரிக்குப் போய்விட்டார்கள்.

"நாலு பேர் பின்னால வர்றாங்கன்னு ஊரெல்லாம் கை காட்டுறாரு. நான் என்னவோ ஒருத்தருக்குத்தான் கறி அடைச்ச பாஸ்டி சுடுறேன்" என்பாள் அவர் மனைவி டோரீன்.

ஒருநாள் பெட்ரோல் பங்கில் அவரிடமே கேட்டேன். "ரூடி, அந்த நாலு பேர் எங்கதான் இருக்காங்க?"

"வருவாங்கப்பா. கொஞ்சம் மெதுவா ஓட்டுற ஆளுங்க." என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கென்ன அவசரம்? மிதிச்சு மிதிச்சு எந்த ஊரைப் பிடிச்சுட்ட?"

இந்த இலையுதிர்காலச் சவாரிக்கு மூன்று பேராவது வராவிட்டால் கிளப்பைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. அங்கே ரூடி வெறும் உறுப்பினர். வரிசையில் கடைசியாகப் போய் முஷ்டி காட்ட வேண்டியதுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சவாரி நாளன்று பாதி வழியில் அவருடைய வண்டி எதிரே வந்தது. கை உயரவில்லை. ஒற்றை விரல்கூட இல்லை. மனிதர் கடைசியில் உண்மையை ஒப்புக்கொண்டார் என்று நினைத்து நான் நடுப்பாதையிலேயே மிதித்தேன். கிட்டே வந்த பிறகுதான் அவர் முகம் என் பக்கமே இல்லை என்று தெரிந்தது. விலகப் போய்ச் சைக்கிளோடு சதுப்பில் விழுந்தேன். அவர் என்னைப் பார்க்காமலேயே கடந்து போனார்.

அவருக்குப் பின்னால் மர ஆலையில் வேலை பார்க்கும் பெண்கள் மூவர், புது வண்டிகளில். முதலாமவள் இரண்டு விரல் காட்டினாள், அடுத்தவள் ஒன்று. கடைசி ஆள் முஷ்டியைக் காட்டிவிட்டு வேகத்தைக் குறைத்தாள்.

"அடி பட்டுச்சா? மன்னிச்சுக்கப்பா. எங்க தலைவர் காலையிலேர்ந்து முன்னால பார்க்கவே மாட்டேங்கறாரு."

சேற்றிலிருந்து எழுந்து பார்த்தேன். நேர்கோடாய் ஓடும் பாதையில் ரூடியின் வண்டி மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் இருக்கையில் முழுதாகப் பின்பக்கம் திரும்பி, அந்த மூன்று பேரையே பார்த்துக்கொண்டிருந்தார்.