நடுவில் ஒன்றுமில்லாத படம்

அந்தமானில், மாயாபந்தர் ஜெட்டிக்கு மேலே, மேட்டில் இருந்தது எங்கள் குவார்ட்டர்ஸ். அண்ணன் பொதுப்பணித் துறையில் கிளார்க். தங்கை நான், மெட்ராஸில் பி.யூ.சி. முடித்துவிட்டு, மேலே படிக்க அனுப்புவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் அவனோடும் அண்ணியோடும் வந்து தங்கியிருந்தேன். மழை பிடித்துக்கொண்டால் வெளியே தலைகாட்ட முடியாது. கல்லூரி நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்த சர்ரியலிஸப் படங்கள் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தன. கனவில் வருவதுபோல, ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்களை ஒரே நிலத்தில் நிறுத்திவிடுகிற படங்கள். நானும் ஒன்று வரையாமல் விடப்போவதில்லை என்று கிளம்பிவிட்டேன்.

அளவு சரியில்லை என்று ஒதுக்கிய கதவுப் பலகை ஒன்று கொல்லையில் கிடந்தது. படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட்டை அண்ணன் கொண்டுவந்து கொடுத்தான். அதில் முக்கால்வாசி சாம்பல் நிறம். ஆகவே என் நிலமும் சாம்பல் நிறமாகவே வந்தது: தண்ணீர் வற்றிய கடல், கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. இடது மேல் மூலையில், ஒரு மரத்தின் வேரிலிருந்து தலைகீழாகத் தொங்கும் கப்பல். நடுவை நோக்கி நீண்ட இன்னொரு வேரின் நுனி சேற்றைத் தொட்டும் தொடாமலும் நின்றது. வலது கீழ் மூலையில், சுவரில்லாமல் தனியாக நிற்கும் ஒரு கதவு. கனமெல்லாம் ஓரங்களில், நடுவில் ஒன்றுமே இல்லை. பெயிண்ட்டை மீறித் தெரிந்த பலகைக் கணு ஒன்றுதான் அங்கே இருந்தது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அண்ணியை அடுப்படியிலிருந்து இழுத்துவந்து, கை எட்டும் தூரத்தில் நிறுத்தினேன். வரும்போதே நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டாள். அது எங்களுக்குப் பழகிப்போன வேடிக்கை. வாளியில் தடுக்குவாள், பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவாள். வண்டிமாட்டுக்குக் கூட ரெண்டு பக்கமும் கண் தெரியும் என்பான் அண்ணன்.

"என்ன புள்ள இது, ஓதம் வத்துன சேறு. இதுக்கா சோறு தண்ணி இல்லாமக் கெடந்தே?"

"அந்த வெறுமைதான் அண்ணி நாம. கப்பல்னா மெயின்லேண்ட். கதவு, விட்டுட்டு வந்த வீடு. ரெண்டும் ஓரமா ஒதுங்கிருச்சு. நாம நடுவுல நிக்கிறோம்."

"நாம வெறுமையா? அப்ப தினம் சோறு வடிக்கிறவ யாரு?" என்று சிரித்தாள். பிறகு, "எந்தக் கப்பல்?" என்றாள்.

"கேலி பண்ணாதீங்க."

"கேலியில்ல புள்ள. எங்க இருக்கு?"

கையை நீட்டிக் காட்டினேன். அவள் என் கையைத் தேடி முகத்தையே திருப்பினாள். "அட, தொங்குதே."

கதவைக் காட்டினேன். முகம் மறுபடியும் முழுதாகத் திரும்பியது. "கதவு இருக்கு. இப்பக் கப்பலைக் காணோம்."

நடுவில் உள்ள கணுவையே பார்க்கச் சொல்லிவிட்டு, பலகையின் இடது ஓரத்திலிருந்து விரலை மெதுவாக நகர்த்தினேன். கப்பலைத் தாண்டினேன், மரத்தைத் தாண்டினேன். வேர் நுனிக்கு வந்த பிறகுதான், "ம், விரல் தெரியுது" என்றாள்.

ஆபீஸிலிருந்து வந்த அண்ணன் வாசலிலேயே ஆரம்பித்தான். "என்ன, பலகைக்குப் பூசையா?"

"நீ விரலை வச்சுப் பாரு" என்றேன். வைத்துப் பார்த்தான். வலது பக்கமும் அப்படித்தான். அதன்பிறகு வண்டிமாட்டுப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தேர் மத் கரோ. லேட் பண்ணாம மெயின்லேண்ட் கொண்டுபோங்க" என்றார். லேட் பண்ணாமல் இருப்பது எங்கள் கையிலா இருந்தது? போர்ட் பிளேர் வரை போய், மெட்ராஸ் கப்பலுக்குக் காத்துக் கிடந்தோம். கப்பல் ரிப்பேரில் இருக்கிறது என்றார்கள், பிறகு காற்று சரியில்லை என்றார்கள். அண்ணி தினமும் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கப்பலைத் தொங்கவிட்டவள் நான்தான் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கே தோன்றிக்கொண்டிருந்தது.

மெட்ராஸில் சொன்னது இதுதான்: கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போகிறது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். காப்பாற்றலாம் என்றுதான் சொன்னார்கள்.

திரும்பி வந்ததும், படத்தை அழித்து எல்லாவற்றையும் நடுவில் வரைந்து தருகிறேன் என்றேன்.

"வேணாம். அதது அங்கங்கயே இருக்கட்டும். அப்பத்தான் எனக்குக் கணக்குத் தெரியும்."

காலையில் மருந்து போட்டுக்கொண்டு, எரிச்சல் அடங்கியதும் பலகைக்கு முன்னால் வந்து நிற்பாள். கணுவைப் பார்ப்பாள். நான் ஓரத்திலிருந்து விரலை நகர்த்துவேன். வேர் நுனியில் "ம்" என்பாள். அந்த ஒரு எழுத்துக்காக வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அண்ணன் சட்டைப் பொத்தானைப் போடாமல் நிற்பான்.

மழை மறுபடி தொடங்கிய ஒரு காலையில் விரல் வேர் நுனிக்கு வந்தது. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் நகர்த்தினேன். வெறும் சேற்றில், வேரைவிட்டு இரண்டு விரல்கடை உள்ளே வந்தபோது, "ம்" என்றாள்.

கணுவிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "எங்க இருக்கு விரலு?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் விரலை அசைக்காமல், "வேர்லதான் அண்ணி" என்றேன்.