முட்டை அட்டையில் சாமந்தி

மலேசியாவில், பீடோங்கிலிருந்து கூலிம் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் கொஞ்ச காலம் ஓர் அக்கா என் பக்கத்து இருக்கையில் வருவார். நீலச் சட்டை, முடி விழாமலிருக்க வேலையில் தினமும் போடும் தலைவலை நெற்றியில் பதித்த கோடு, மடியில் ஒரு முட்டை அட்டை. அதன் குழிகளில் மண் நிரப்பிச் சாமந்தி விதை போட்டிருந்தார். முளைத்துவிட்டது, வீட்டில் விட்டால் கோழி கொத்திவிடுமாம். அதனால் நாற்றுகளும் வேலைக்கு வந்தன.

ஒரு நாள் அட்டையை என் மடிக்கு நகர்த்தினார்.

"தம்பி, எல்லாக் குழியிலயும் ரெண்டு ரெண்டா நிக்குது. ஒண்ணக் கிள்ளி எடுத்தாத்தான் இன்னொண்ணு தேறும். நீ கிள்ளிடு லா."

"நீங்களே கிள்ளலாமே, அக்கா?"

"எனக்குக் கை வரமாட்டேங்குது."

இரண்டிரண்டாக விதை போட்டது இவர்தானே என்று எனக்கு எரிச்சல். மளமளவென்று கிள்ளிப் போட்டேன். முடியும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிள்ளியதையெல்லாம் பொறுக்கி, கைக்குட்டையில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மறுபடி நட்டா பொழைக்குமா, அக்கா?"

"பொழைக்காது. கீழ கெடந்தா எல்லாரும் மிதிச்சிட்டுப் போவாங்க லா."

ஷிப்ட் மாறியபின் அவரை நான் பார்க்கவில்லை.

போன வாரம் என் வீட்டுப் பூந்தொட்டியில் சாமந்தி விதை போட்டேன். இரண்டு முளைத்து ஒட்டி நிற்கின்றன. ஒன்றைக் கிள்ளியாக வேண்டும். அதற்கு மனைவியைக் கூப்பிட்டுவிட்டு, நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.