மருந்து தாராளமாகக் கிடைக்கிறது

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் கோலாலம்பூரில் பல்கலைக்கழகக் கடைசி ஆண்டு மாணவி. வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த எங்கள் விரிவுரையாளர் ஒரு புதுச் சொல்லைக் கொண்டுவந்தார். இப்போது ‘நிலையான மேம்பாடு’ என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். அன்று எங்களுக்கு அது வாயில் நுழையாத ஆங்கிலம். நாளை பிறக்கப்போகிறவர்களின் பங்கை இன்றே தின்றுவிடாத வளர்ச்சி என்று அவர் விளக்கினார். வகுப்பில் உட்கார்ந்திருந்தால் இது விளங்காது, நேரில் பாருங்கள் என்று எங்கள் பன்னிரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றிக் கேமரன் மலைக்குக் கொண்டுபோனார். ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாள் ஆய்வு.

பன்னிரண்டு பேரில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்கு வந்த திமிரை இன்று நினைத்தாலும் கூசுகிறது. தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் மற்றவர்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, நான் கேள்வித்தாளை மடியில் வைத்து மனத்துக்குள் தமிழ்ப்படுத்திக்கொண்டே வந்தேன். தண்ணீர், கக்கூஸ், பள்ளிக்கூடம், மருந்து என்று இருபது கேள்விகள். நான் ஈப்போவில் ஆசிரியர் வீட்டுப் பெண். தோட்டத்தில் பேசுவதும் நம் தமிழ்தானே, இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்தேன்.

தோட்டத்து மேலாளரான துரை எங்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து நன்றாகத்தான் வரவேற்றார். தொழிலாளர் வீடுகளைக் காட்ட ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியை எங்களுடன் அனுப்பினார். கிராணியும் தமிழர்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, எதற்கும் ஒரு சிரிப்பு. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் வாசலில் அவர் நிற்பார். நான் உள்ளே போய்க் கேட்பேன். கூட வந்த தோழி நான் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வாள்.

ஐந்தாவது கேள்வி மருந்து பற்றியது. முதல் வீட்டில், “மருந்தெல்லாம் தாராளமா கிடைக்குதா?” என்று கேட்டதும் அந்த வீட்டுப் பெண் சிரித்துவிட்டாள்.

“மருந்துக்கு என்னா கொறச்சல்? லோரியில வந்து எறங்குது லா.”

அடுத்த வீட்டிலும் ஏறக்குறைய அதே பதில். லோரியில் மருந்து வந்து இறங்குகிற தோட்டமா, பரவாயில்லையே என்று எனக்கு ஆச்சரியம். ‘போதுமான அளவு’ என்ற கட்டத்தில் தோழி வரிசையாகச் சரி போட்டுக்கொண்டே வந்தாள்.

ஏழெட்டு வீடு தாண்டி ஓர் அக்காவைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். ஐந்து மாதம் என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார். விரல் நகங்களில் மஞ்சள் ஏறியிருந்தது. சமையலுக்கு மஞ்சள் அரைத்த கை என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாவது கேள்வி வந்ததும் அவர் வாசலில் நின்ற கிராணியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மருந்து எனக்கு ஒத்துக்கல தங்கச்சி. வாடை பட்டாலே கொமட்டுது, தல சுத்துது. புள்ள வேற வயித்துல இருக்கு. தொரைகிட்ட சொல்லி மாத்திக் குடுக்கச் சொல்லுங்களேன். நாங்க சொன்னா யாரு கேக்குறா?”

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் சத்து மருந்தைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். என் சொந்த அக்காவும் பிள்ளை உண்டாகியிருந்தபோது அதைக் குடிக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அந்த அனுபவம் போதாதா? டாக்டர் தோரணையில் அறிவுரை சொல்ல ஆரம்பித்தேன்.

“மருந்த அப்படியெல்லாம் நிறுத்தக் கூடாதுக்கா. கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்கணும். பிள்ளைக்கு நல்லதுதானே.”

அவர் என் முகத்தையே பார்த்தார். “நெசமாவா?” என்று கேட்டார்.

“நான் படிச்சிருக்கேன்க்கா” என்றேன்.

வாசலில் கிராணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “கேட்டியா? யுனிவர்சிட்டி புள்ளையே சொல்லிருச்சி. இனிமே பெரட்டுல வந்து மூஞ்சத் தூக்காத” என்றார். பெரட்டு என்பது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். மருந்துக்கும் பெரட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

கடைசி நாள் காலையில் தேயிலைச் சரிவில் படம் எடுக்கப் போனோம். எங்களுக்குக் கீழே ஐந்து பெண்கள் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, செடிகளுக்கு நடுவே முளைத்த புல்லின்மேல் எதையோ பீய்ச்சிக்கொண்டு போனார்கள். பாதையில் ஒரு பீப்பாயின் பக்கத்தில் நின்ற கங்காணி, “மருந்து தீந்தவங்க வந்து ஊத்திக்கிங்க!” என்று கத்தினார். முகத்தில் துண்டைச் சுற்றியிருந்த ஒரு பெண் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாகத் திரும்பி ஏறினார். அந்த அக்காதான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மருந்து என்றால் எங்கள் வீட்டில் கரண்டியில் ஊற்றிக் குடிப்பது. தோட்டத்தில் வெறுமனே மருந்து என்றால் புல்லுக்கு அடிக்கும் விஷம். இரண்டு நாளாக நான் வீடு வீடாகப் போய், உங்களுக்கு விஷம் தாராளமாகக் கிடைக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். அவர்களும் கிடைக்கிறது என்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மருந்தை மாற்றிக் கொடுக்கும்படி அந்த அக்கா என்னிடம் கெஞ்சவில்லை. மருந்தடிக்கும் வேலையை மாற்றிக் கொடுக்கும்படி கெஞ்சியிருக்கிறார். வாசலில் நின்ற கிராணிக்கு என் குழப்பம் முதல் வீட்டிலேயே தெரியும்.

மூச்சிரைக்க ஓடிப்போய் விரிவுரையாளரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் மதியம் தோட்டத்து மண்டபத்தில் துரை முன்னிலையில் நாங்கள் அறிக்கை வாசிக்க வேண்டும். இப்போது இதைக் கிளப்பினால் அடுத்த ஆண்டு நம் மாணவர்களை உள்ளேயே விடமாட்டார்கள், வரப்போகிறவர்களையும் நினைத்துப் பார் என்றார். வரப்போகும் மாணவர்களுக்காக, வரப்போகும் ஒரு குழந்தையை நாங்கள் இருவரும் சேர்ந்து விட்டுக்கொடுத்தோம். எனக்கு அப்போதே அது உறைத்தது. ஆனாலும் தலையாட்டினேன். அந்த ஆய்வுக்கான மதிப்பெண் அவர் கையில் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மண்டபத்தில் மருந்து வசதி போதுமான அளவில் உள்ளது என்று என் வாயாலேயே வாசித்தேன். துரை கைதட்டினார். கிராணி அவரைவிடச் சத்தமாகத் தட்டினார்.

பஸ் கிளம்புவதற்கு முன்னால் லயத்துக்கு ஓடினேன். அக்கா வேலை முடிந்து வந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று திக்கித் திணறிச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“மருந்தடிக்கிற அஞ்சு பேரும் கைநாட்டு வெச்சு ஒரு கடுதாசி வெச்சிருந்தோம், கொழுந்து பறிக்கிற வேலைக்கு மாத்தச் சொல்லி” என்றார். “நீங்க வந்துட்டுப் போனதும் மத்தவளுங்க பின்வாங்கிட்டாளுங்க. படிச்ச புள்ளையே தொர பக்கம் பேசுது, இனி யாரு நமக்குன்னு. வேல போச்சுன்னா பொறக்கப்போற புள்ளைக்குத்தான் கஷ்டம்னு நீங்க சொல்றதா நானும் எடுத்துக்கிட்டேன். கடுதாசிய அடுப்புல போட்டுட்டேன்.”

இன்னொரு கடிதம் இப்போதே எழுதித் தருகிறேன் என்று பையிலிருந்து தாளை எடுத்தேன். மற்ற நாலு பேரும் வீட்டில் இல்லை. கீழே பஸ்காரர் ஹாரன் அடித்தார், மறுபடியும் அடித்தார். கோலாலம்பூர் போய் எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

“போங்க தங்கச்சி. பஸ்ஸு போயிரும்” என்றார் அக்கா.

போய்விட்டேன். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன் என்று எழுத ஆசைதான். தானா ராத்தா கடைத்தெரு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். ஊருக்கு வந்து துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. பிறகு பரீட்சை வந்துவிட்டது. எங்கள் அறிக்கை வகுப்பிலேயே முதலாவதாக வந்தது.

படித்து முடித்து நானும் விரிவுரையாளர் ஆனேன். உலகம் முழுவதற்கும் சேர்த்து இப்போது நிலையான மேம்பாட்டுக்குப் பதினேழு இலக்குகள் இருக்கின்றன. முதலாண்டு மாணவர்களுக்கு அந்த வண்ணக் கட்டங்களைக் காட்டி விளக்கியவள் நான்தான். மக்களிடம் போகும்போது நம் வாயிலிருக்கும் சொல்லுக்கு அவர்கள் வாயில் என்ன பொருள் என்று முதலில் கேளுங்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் சொன்னேன். எங்கிருந்து கற்றேன் என்று சொன்னதில்லை. மீன்பிடிக் கிராமம், ரப்பர்த் தோட்டம், வயல் என்று பல இடங்களுக்கு மாணவர்களைக் கூட்டிப்போனேன். கேமரன் மலைக்கு மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லித் தவிர்த்துவிட்டேன்.

ஓய்வு பெற்றும் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. காரில் போனால் அரை நாள் பயணம்தான். விசாரித்தால் அந்த அக்காவைத் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததா என்ற கேள்வியை மட்டும் நான் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.