பால் சங்கம் எடுத்த படம்

வியாகுலமேரிக்குப் பெயரில் மட்டும்தான் வியாகுலமும் துயரமும். அவள் வாய்விட்டுச் சிரித்தால் கோயில் மணிக்கூண்டில் இருக்கும் புறாக்கள் எழுந்து பறக்கும். ஆவூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பங்குக்கோயிலை ஒட்டி நடந்த உதவிச் சங்கத்தில் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சி ஊற்றுவது அவள் வேலை. சங்கத்துக்குத் தலைவர் உண்டு, உபதலைவர் உண்டு, கமிட்டி என்று பதினோரு பேர் உண்டு. அத்தனை பேரும் கூடித் தீர்மானம் போடுவார்கள். அதைச் செய்து முடிக்க இருந்த ஒரே ஆள் மேரிதான்.

"அவுக பதினோரு பேரும் நாற்காலியப் புடிச்சுக்கிட்டாக. மிச்சம் இருந்தது கரண்டி. அத நான் புடிச்சுக்கிட்டேன்" என்பாள்.

அது 1957. சிலோன் தோட்டத்தில் இருந்த புருஷன், "அங்கே உனக்கு என்ன உத்தியோகம்?" என்று கடிதத்தில் கேட்டிருந்தான். "அமெரிக்காக்காரன் மாட்டுப் பாலைப் பவுடராக்கி டிரம்மில் அனுப்புகிறான். நான் வெந்நீர் ஊற்றி அதற்கு உயிர் கொடுக்கிறேன்" என்று மேரி பதில் எழுதினாள். அதில் பொய்யில்லை. ஆரம்பத்தில் அந்த வாடை பிடிக்காமல் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடின. மேரி கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கட்டி விழாமல் கலக்கிப் பார்த்தாள். ஆறே மாதத்தில் காலையில் அறுபது பிள்ளைகள், அறுபது டம்ளர்கள். வேதக்காரரான கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளையும் ஐயனார் கும்பிடுகிறவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வரிசையில் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் பால் டிரம் அனுப்பும் திருச்சித் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சங்கத்துக் காரியதரிசி மைக்கேல்சாமி வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படித்தார். பால் பெறுவோரின் வறுமை நிலை தெளிவாகத் தெரியும்படி ஒரு புகைப்படம் வேண்டும். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் அடுத்த தவணைப் பால் நிறுத்தப்படும். கமிட்டி உடனே கூடியது. படத்தில் யார் யார் நாற்காலியில் உட்காருவது என்று மூன்று மணி நேரம் பேசினார்கள். வறுமையைத் தெரிய வைக்கிற பொறுப்பை மேரியிடம் விட்டார்கள்.

மேரி தெருத்தெருவாக நடந்தாள். "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் போட்டா புடிக்கிறாக. எப்பவும் இருக்கிற மாதிரியே பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வாங்க. சீவிச் சிங்காரிக்க வேணாம்." எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையிலிருந்து போட்டோக்காரர் ரெங்கராஜ் பஸ்ஸில் வந்து இறங்கி, மூன்றுகால் ஸ்டாண்டை நிறுத்தினார். தெருமுனையில் கூட்டம் தெரிந்தது. பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வழிந்தது. முகத்தில் பவுடர் அப்பியிருந்தது. கூலி வேலைக்குப் போகும் காத்தாயி யாருடைய குடையையோ விரித்துப் பிடித்து வந்தாள். பெரியண்ணன் கையில் ஓடாத கடிகாரம் ஒன்று மின்னியது. எல்லாருக்கும் முன்னால் நடந்து வந்தவள் மருதாயி. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அன்றாடம் நாற்று நட்டுப் பிழைக்கிறவள். கழுத்தில் பண்ணை வீட்டு மருமகளிடம் இரவல் வாங்கிய அட்டிகை!

"ஏண்டி மருதாயி, என்னடி சொன்னேன் நானு? இதப் பாத்தா எவன்டி பால் அனுப்புவான்? நாளைக்கு ஓம்புள்ள டம்ளரத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா நான் என்னத்த ஊத்துவேன்?" மேரி கோபத்தில் கத்தினாள்.

மருதாயி தலைகுனியவில்லை. "எங்க இல்லாமைய நாங்க தெனமும் பாக்குறோமேக்கா. சென்மத்துல ஒருக்க எடுக்கிற படம். அதுலயும் அதையேதான் பாக்கணுமா?"

கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டிய ரெங்கராஜ், "அவங்கள வையிறீங்களே, நீங்களும் கொறச்சலா வரலியேம்மா" என்றார். மேரி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். கல்யாணப் புடவை! தலையில் இரண்டு முழம் கனகாம்பரம். விடிந்ததும் பெட்டியைத் திறந்து அதை எடுத்துக் கட்டியவள் அவளேதான்.

முதலில் மருதாயிதான் களுக்கென்று சிரித்தாள். பிறகு மேரிக்குத் தாளவில்லை. மைக்கேல்சாமி, "எல்லாரும் மூஞ்சிய வறுமையா வச்சுக்கங்கப்பா" என்று கெஞ்சக் கெஞ்சச் சிரிப்பு கூடியது. அந்த நிமிஷத்தில் ரெங்கராஜ் படத்தை எடுத்துவிட்டார்.

பிரிண்ட் வந்தது. கல்யாண வீடு தோற்றது. "இதப் பாத்தா அவுக நம்மகிட்ட பால் கேப்பாக" என்று மைக்கேல்சாமி தலையில் கை வைத்தார். இன்னொரு படம் எடுக்க நாளில்லை. மேரி படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"படத்துக்குக் கீழ எழுதுங்க சார். இந்தப் பிள்ளைகள் ஆறு மாதம் எங்கள் சங்கத்தில் பால் குடித்தவர்கள்."

"அம்மா மேரி, இது பொய்யில்லையா?"

"இதுல எந்த வார்த்த பொய்யி, சொல்லுங்க."

வாத்தியார் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. தபாலில் சேர்த்தார்கள்.

கடைசி டிரம் அடி தெரிகிற வரைக்கும் பதில் வரவில்லை. மேரி பாலில் தண்ணீரைக் கூட்டினாள், சிரிப்பைக் குறைத்தாள். பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு குடித்தார்கள். ஒருநாள் கடிதம் வந்தது: முன்னேற்றம் கண்டு மிக்க மகிழ்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க, பால் கொடுப்பதற்கு முன் எடுத்த படத்தையும் அனுப்பவும்.

கமிட்டி ஆடிப்போயிற்று. எல்லோருக்கும் கோணிச்சாக்கைக் கட்டி, முகத்தில் சாம்பலைப் பூசி இன்னொரு படம் எடுத்துவிடலாம் என்றார் உபதலைவர். அது வரைக்கும் கமிட்டியில் வாய் திறக்காத மேரி வாசல்படியில் நின்றே பேசினாள்.

"சாக்கக் கட்டிக்கிட்டு மருதாயி வரமாட்டா. நானும் கூப்புட மாட்டேன். சார், எழுதுங்க. முன்பு எடுத்த படம் எங்களிடம் இல்லை. அப்போது படமெடுக்கக் கூப்பிட்டிருந்தால் ஒருவரும் வெளியே வந்திருக்க மாட்டார்கள்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதினார். அந்தக் கடிதத்துக்குக் கமிட்டி தீர்மானமும் போடவில்லை.

பத்தாம் நாள் மாட்டுவண்டியில் ஐந்து டிரம் வந்து இறங்கியது. மேரி வண்டிக்காரனையே கட்டிப்பிடிக்காத குறை. அன்றைக்குக் கருப்பட்டியை இரண்டு பங்கு தட்டிப் போட்டாள். கடைக்குட்டியின் டம்ளரை நீட்டிக்கொண்டு மருதாயி மெல்லக் கேட்டாள்.

"அக்கா, அந்த அட்டிகைய அன்னைக்கே திருப்பிக் குடுத்துட்டேன். படத்துல இருக்குல்ல?"

"இருக்குடி" என்று மேரி டம்ளர் நிறைய ஊற்றினாள். "அத எவளும் ஓங்கிட்ட திருப்பிக் கேக்க முடியாது."